ஒரு கூட்டை ஆறு மாசம் எதுக்குப் பார்க்கணும்?



போன மாதம் இதே சுவரில் ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தோம் இல்லையா? அதில் விராலடிப்பான் படமும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அக்கா, இது குளிர்காலத்துல மட்டும்தான் வருதுன்னா இதோட கூடு எங்க இருக்கு? அதை யாரு பார்த்தாங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்விதானே! பதில் தேடப் போனேன். விஷயம் விராலடிப்பானில் ஆரம்பித்து நம்ம ஊர் மாட்டுக் கொட்டகையில் வந்து நின்றது. அதனால்தான் தாள் இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் விராலடிப்பான். விரால் மீனை அடித்துத் தூக்குவதால் அந்தப் பெயர். மீன்தான் அதற்குச் சாப்பாடு. வழுக்கும் மீனைப் பிடிக்க வசதியாகக் காலுக்கு அடியில் முள்முள்ளாக இருக்கும். ஒரு விரலை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளவும் அதனால் முடியும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் கழிமுகங்களுக்கும் வரும். வெயில் ஏறினால் வடக்கே போய்விடும். கூடு கட்டுவது அங்கேதான். மரத்து உச்சியில் குச்சிகளை அடுக்கிப் பெரிய கூடாகக் கட்டும். வருஷா வருஷம் அதே கூட்டுக்குத் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் குச்சி வைக்கும். அதனால் நம்ம பக்கத்து ஆட்கள் பறவையைப் பார்க்கலாம், கூட்டைப் பார்க்க முடியாது.

அது கூடு கட்டுகிற நாடுகளில் ஒரு வேலை நடக்கிறது. ஜோடி வந்து சேர்ந்த நாள் முதல் குஞ்சு பறந்து போகும் நாள் வரை, தூரத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். கேட்டால் வெட்டி வேலை மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஸ்காட்லாந்து கதையைக் கேளுங்கள்.

அங்கே விராலடிப்பானைச் சுட்டும் முட்டையைத் திருடியும் கூடு கட்டுகிற ஜோடியே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். (முட்டையைச் சாப்பிடுவதற்காக இல்லை. தபால் தலை சேர்ப்பது போல அலமாரியில் சேர்த்து வைக்க!) ரொம்ப வருஷம் கழித்து 1954ல் ஒரு ஜோடி திரும்பி வந்து கூடு கட்டியது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்காரர்கள் கார்ட்டன் என்ற ஏரிப் பக்கம் காவல் போட்டார்கள். அப்படியும் 1958ல் ராத்திரியில் ஒருத்தன் மரம் ஏறி முட்டைகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கோழி முட்டையில் பூட் பாலிஷ் தடவிக் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்! அடுத்த வருஷம் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கூடு இருக்கும் இடத்தை மறைக்காமல் எல்லோரையும் வந்து பார்க்கச் சொன்னார். தூரத்தில் ஒரு கொட்டகை, அதில் தொலைநோக்கி. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்தார்கள். இத்தனை கண் பார்க்கும்போது திருடன் எப்படி வருவான்? 1959ல் அந்தக் கூட்டில் 3 குஞ்சுகள் பறந்தன.

இது காவலுக்காகப் பார்த்தது. அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய விஷயம்.

கனெக்டிகட் ஆறு கடலில் சேரும் இடத்தில் விராலடிப்பான்கள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. 1950களின் கடைசியில் இருந்து அவை மளமளவென்று குறைந்தன. பறவை இருக்கு, கூடு இருக்கு, முட்டையும் இருக்கு. ஆனால் குஞ்சு மட்டும் இல்லை! வெறுமனே பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. ஏனென்றால் விராலடிப்பானுக்கு ஆயுசு ஜாஸ்தி. குஞ்சே பொரிக்காவிட்டாலும் கிழப் பறவைகள் பல வருஷம் வந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை குறையும்போது காலம் கடந்துபோயிருக்கும். கூட்டை நாள்தோறும் பார்த்தவர்களுக்குத்தான் முட்டையோடு கதை முடிவது தெரிந்தது.

சரி, காரணம் என்ன? வேறு ஏதாவது மிருகம் ஏறித் தின்கிறதா? பெற்றோர் சரியாக அடைகாக்கவில்லையா? முட்டையிலேயே கோளாறா? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. நம்ம வீட்டில் ஒரு கோழி அடை வைத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போனால் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டு முட்டையை வாங்கி அதே கோழிக்கு வைத்துப் பார்ப்பார்கள். பொரித்துவிட்டால் கோழி மேல் தப்பில்லை, முட்டையில்தான் கோளாறு. பால் ஸ்பிட்சர் என்ற ஆராய்ச்சியாளர் 1968லும் 1969லும் செய்தது சாட்சாத் இதேதான்! மேரிலாந்து பக்கம் நன்றாகப் பொரித்துக்கொண்டிருந்த கூடுகளின் முட்டைகளைக் கொண்டுவந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்தார். பொரித்தன. ஆகவே அந்தத் தாய்ப் பறவைகள் நன்றாகத்தான் அடைகாத்திருக்கின்றன.

முட்டையின் கோளாறுக்குக் காரணம் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து. கொசுவுக்கும் பயிர்ப் பூச்சிக்கும் அடித்தது தண்ணீரில் கலந்து, சின்ன உயிர்களுக்குள் போய், அதைத் தின்ற மீனுக்குள் போய், மீனைத் தின்ற பறவைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அது உடம்பில் ஏறினால் முட்டை ஓடு மெல்லிசாகிவிடும். தாய் மேலே உட்கார்ந்தாலே நொறுங்கும். 1972ல் அமெரிக்காவில் டி.டி.டி.யைத் தடை செய்தார்கள். அதன் பிறகு விராலடிப்பான்கள் மெல்ல மெல்லப் பெருகிவிட்டன.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நம்ம தமிழ்நாட்டில் யாராவது இப்படிக் கூட்டைப் பார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். பறவைதான் வேறு. அதன் பெயர் பாறு.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதுதான் பாறு. பழைய இலக்கியத்திலேயே இருக்கிற சொல் என்று தமிழ் ஐயா சொன்னார். நமக்கு ரொம்ப வேண்டிய பறவைதான் இது. சிதம்பரத்தில் இருந்து மாயவரம் போகிற வழியில் வைத்தீஸ்வரன்கோயில் இருக்கிறதே, அதற்குப் புள்ளிருக்குவேளூர் என்று பெயர். அந்த ‘புள்’ சடாயு. சீதையைக் காப்பாற்றப் போய் இறக்கை வெட்டுப்பட்டுச் செத்த சடாயுவுக்கு ராமர் அங்கேதான் இறுதிக் காரியம் செய்தார் என்று சொல்லி, சடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்தில் குருக்கள் சோறு வைத்ததும் தினமும் வந்து சாப்பிட்டுப் போன கழுகுகள் மஞ்சள்முகப் பாறு என்ற இனம். 1990களோடு அதுவும் நின்றுபோனது.

எங்க பாட்டி சொல்வார்கள்: “அந்தக் காலத்துல மாடு செத்தா ஊருக்கு வெளிய போட்டுட்டு வருவோம். வீட்டுக்குத் திரும்புறதுக்குள்ள வானத்துல வட்டம் போடும். மறுநாள் போனா எலும்புதான் கெடக்கும்.” நான் பிறந்ததில் இருந்து மங்கலம்பேட்டையில் ஒரு பாறைக்கூடப் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இப்போது தமிழ்நாட்டில் அவை கூடு கட்டுகிற முக்கியமான இடம் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. மாயாறு என்றும் சொல்வார்கள். நீலகிரி மலைக்கு வடக்கே முதுமலை, சத்தியமங்கலம் காடுகள் வழியாக ஓடிப் பவானிசாகர் அணையில் சேர்கிற ஆறு. அங்கே வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நாலு வகை இருக்கின்றன. வெண்முதுகுப் பாறுதான் அதிகம். ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களின் உச்சியில் கூடு வைக்கும். வனத்துறையும், கோயம்புத்தூர் ‘அருளகம்’ என்ற அமைப்பும் இந்தக் கூடுகளைப் பார்த்துக் கணக்கு வைக்கிறார்கள். அருளகத்தின் சு. பாரதிதாசன் பல வருஷமாகப் பாறுகளுக்காகவே உழைக்கிறவர்.

ஒரு பாறு ஜோடியின் வருஷம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஐப்பசி வாக்கில் இரண்டும் சேர்ந்து குச்சி கொண்டுவந்து பழைய கூட்டைச் சரி பண்ணும், அல்லது புதிதாகக் கட்டும். பச்சை இலைகளையும் உள்ளே பரப்பும். அப்புறம் முட்டை. எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! நம்ம கோழி பத்துப் பன்னிரண்டு இடும், விராலடிப்பான்கூட இரண்டு மூன்று இடும், பாறுக்கு வருஷத்துக்கு ஒன்றுதான். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ ஐம்பது நாள் அடைகாக்கும். பொங்கல் சமயத்தில் பார்த்தால் பல கூடுகளில் குஞ்சு இருக்கும். அது பறப்பதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நமக்கு முழுப் பரீட்சை முடிகிற சமயத்தில்தான் குஞ்சு கிளையில் வந்து இறக்கையை விரித்து விரித்துப் பழகும். குஞ்சு பெரிதாகித் தானும் கூடு கட்ட இன்னும் ஐந்து வருஷம் போலக் காத்திருக்க வேண்டும்.

பார்க்கிறவர்கள் மரத்தில் ஏறுவது இல்லை. கிட்டேயும் போவது இல்லை. பக்கத்தில் போனால் தாய் எழுந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும், காக்காய் காத்துக்கொண்டிருக்கும். அதனால் ஆற்றுக்கு இந்தக் கரையிலோ ஒரு மேட்டிலோ இருந்து தொலைநோக்கியில்தான் பார்க்க வேண்டும். யானை நடமாடும் இடம் வேறு! முட்டையே கண்ணில் படாது. பின்னே எப்படித் தெரியும்? பறவை இருக்கிற விதத்தைப் பார்த்துத்தான். கூட்டுக்குள் தணிந்து அமுங்கிப் படுத்திருந்தால் அடை. உச்சி வெயிலில் எழுந்து நின்று இறக்கையைக் குடை மாதிரி விரித்தால் கீழே குஞ்சு இருக்கிறது, நிழல் கொடுக்கிறது. கூட்டுக்குக் கீழே இலையெல்லாம் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால் கூட்டில் குடித்தனம் நடக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை போய் எழுதுவார்கள். புரிவதற்காக நானே ஒரு மாதிரிப் பக்கம் எழுதியிருக்கிறேன் (நிஜக் கணக்கு இல்லை):

கூடு எண் 7. கார்த்திகை: ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று கிளையில். தை: ஒன்று நிற்கிறது, குஞ்சின் தலை தெரிந்தது. மாசி முதல் வாரம்: குஞ்சு மட்டும். இரண்டாம் வாரம்: ஒரு பெரியது வந்தது, இன்னொன்று வரவில்லை. மூன்றாம் வாரம்: வரவில்லை. கடைசி வாரம்: கூடு காலி.

இந்த மாதிரி ஐந்து வரியில் ஒரு சாவு இருக்கிறது பாருங்கள். சொல்லப்போனால் இரண்டு சாவு. பாறுகள் இரை தேடி ரொம்ப தூரம் போகிறவை. ஒன்று போனால் மற்றது கூட்டில் காவல். அந்த இரண்டில் ஒன்று திரும்பி வராவிட்டால், மிஞ்சியது இரை தேடப் போகுமா, குஞ்சுக்கு நிழல் கொடுக்குமா?

2023ல் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலத்தையும் சேர்த்துப் பாறுகளை எண்ணினார்கள். பிப்ரவரியில் 246, டிசம்பரில் 320. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடின 74ம் குஞ்சு என்று சொல்லிவிட முடியுமா? ஜோடிக்கு ஒரு முட்டை, அதிலும் எல்லாமா பொரிக்கும்? முதல் தடவை கண்ணில் படாதது இரண்டாம் தடவை பட்டிருக்கலாம். அதனால்தான் எண்ணிக்கை மட்டும் போதாது, ‘எத்தனை கூட்டில் அடை உட்கார்ந்தது, எத்தனை குஞ்சு பறந்தது’ என்ற கணக்கும் வேண்டும். அம்மா அடை வைத்த முட்டையையும் பருந்துக்குத் தப்பிய குஞ்சையும் விரல் விட்டு எண்ணுகிற அதே கணக்குதான்.

கூட்டைப் பார்த்ததால்தான் பாறைக் கொன்றது எது என்பதும் தெரிந்தது. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1980களில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் எண்ணியபோது 350க்கு மேல் வெண்முதுகுப் பாறு ஜோடிகள் கூடு கட்டியிருந்தன. 1990களில் திரும்பிப் போனார். மரங்களில் செத்த பாறுகள் தொங்கின, கூடுகள் பாதிக்கு மேல் காலி. சில வருஷத்தில் ஒரு கூடுகூட மிச்சமில்லை. இந்தியா முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெண்முதுகுப் பாறுகள் இப்படித்தான் போயின. அது ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் கூடுகளைத் தொடர்ந்து பார்த்து, கீழே விழுந்த பாறுகளைச் சோதித்தவர்கள் 2003ல் கண்டுபிடித்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளர் தலைமையில் 2004ல் அது வெளியானது. நோய் இல்லை, மருந்து! மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி.

மாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் வேலை செய்யாமல் போய்விடும். உப்பு மாதிரி யூரிக் அமிலம் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகப் படியும். தலை தொங்கும், சில நாளில் சாவு. ஒரே மாட்டை ஐம்பது பாறு தின்னும், அதனால் நூறு மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே கூட்டம் அழிந்துவிடும். பாறு மட்டும் இல்லை, குளிர்காலத்தில் வடநாட்டுக்கு வருகிற ஒருவகைக் கழுகும் இதே மருந்தால் செத்திருக்கிறது.

நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: பாறு போனதும் செத்த மாடு அழுகிக் கிடந்தது, நாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. இந்தியாவில் 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2024ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். படித்ததும் நான் ஐந்துக்குப் பின்னால் இருக்கிற சைபரை எண்ணிப் பார்த்தேன்.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுவதை மத்திய அரசு 2006ல் தடை செய்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015ல் மனிதர்களுக்கான ஊசி மருந்து 3 மில்லி சின்ன பாட்டிலில் மட்டும்தான் வரவேண்டும் என்றார்கள். 2023ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் மாட்டுக்குத் தடை செய்தார்கள், அதன் பிறகு நிமசுலைடையும். இவையும் பாறைக் கொல்லும்.

‘மோயாறு எங்கேயோ இருக்கு, மங்கலம்பேட்டை மாட்டுக்கு ஊசி போட்டா அங்க பாறு சாகுமா?’ என்று எங்கள் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நேர்மையாகச் சொன்னால் அவன் கேட்டது சரிதான். சில நாளில் மருந்து மாட்டின் உடம்பை விட்டுப் போய்விடும், நம்ம மாடு இங்கேதான் இருக்கிறது. ஆனால் பாறு ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல்கூடப் பறக்கும். நம்ம ஊரில் பாறு இல்லை என்பதால் அந்த மருந்து போடலாம் என்று ஒவ்வொரு ஊரும் நினைத்தால், மோயாற்றுக் குஞ்சு வளர்ந்து இடம் தேடிக் கிளம்பும்போது எங்கே போகும்? பாட்டி பார்த்த வட்டம் இங்கே திரும்ப வரவேண்டும் என்றால் அது வருவதற்கு முன்னாலேயே இந்த மருந்து போயிருக்க வேண்டும். இது என் அபிப்பிராயம், யாராவது மறுத்தால் அடுத்த தாளில் எழுதட்டும்.

மாற்று மருந்து இல்லாமல் இல்லை. மெலாக்சிகாம் பாறுக்கு ஒன்றும் செய்யாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டோல்ஃபினாமிக் அமிலமும் அப்படித்தான். எங்க வீட்டுப் பசுவுக்கு மடிவீக்கம் வந்தபோது அப்பா கால்நடை டாக்டரிடம், “என்ன ஊசிங்க இது?” என்று கேட்டார். மெலாக்சிகாம் என்று பாட்டிலைக் காட்டினார். இரண்டாம் நாள் பசு எழுந்து தவிடு குடித்தது.

கடையில் நாமாகப் போய் ‘மாட்டுக்கு வலி ஊசி’ என்று கேட்டால் என்ன தருவார்களோ தெரியாது. ஆகையால் பாட்டிலில் உள்ள பெயரைப் படிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குப் படிக்க வராவிட்டால் நாம்தான் கூடப் போக வேண்டும். போடக்கூடாத நாலு பெயரைச் சிவப்பு மையிலும், போடலாம் என்ற இரண்டு பெயரைப் பச்சை மையிலும் இந்தத் தாளுக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து தாளைக் கிழிக்காதீர்கள், ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி